பட்டியலில் பெயர் இல்லை என்றால்...



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று இரண்டு நாளாக என் மேஜை மேலேயே கிடக்கிறது. எழுதியவன் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு தம்பி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். போடவில்லை.

கடிதத்தில் ஒரு கேள்வி. "பார்முலா ஒன் கார் பந்தயத்தில் இருந்து நீக்கிவிட்டால் அந்த வீரர்கள் அப்புறம் என்ன செய்வார்கள்? வீட்டில் சும்மா இருப்பார்களா?" என்று கேட்டிருக்கிறான். கடிதத்தின் அடியில், பேனாவை மாற்றி, சின்ன எழுத்தில் இன்னொரு விஷயமும் எழுதியிருக்கிறான். இரண்டு வருடமாகப் பள்ளிக்காக 100 மீட்டர் ஓட்டம் ஓடியவனாம் இவன். இந்த வருடம் புதிதாக வந்து சேர்ந்த ஒரு பையன் இவனைவிட வேகமாம். பட்டியலில் இவன் பெயர் இல்லை. "இனிமேல் கிரவுண்டுப் பக்கமே போக மாட்டேன்" என்று முடித்திருக்கிறான்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

பார்முலா ஒன் என்பது ஒற்றை இருக்கை கொண்ட கார்களுக்கான பந்தயங்களில் மிக உயர்ந்த படி. அந்தப் படியில் இடம் மிகக் குறைவு. பல வருடங்களாக 10 அணிகள், அணிக்கு 2 பேர், ஆக மொத்தம் 20 இருக்கைகள்தான். 2026-இல் பதினொன்றாவது அணி சேர்ந்ததால் 22 ஆனது. உலகம் முழுவதற்கும் சேர்த்து அவ்வளவுதான்! உங்கள் வகுப்பில் ஒரு பக்கத்து பெஞ்சுகளில் உட்காருபவர்களே அதைவிட அதிகம் இருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் கீழ்ப் படியில் இருந்து புதிய பிள்ளைகள் ஏறி வருவார்கள். அவர்கள் ஏற வேண்டுமானால் யாராவது இறங்கியாக வேண்டும். இறங்குகிறவர் மோசமான ஓட்டுநராக இருக்க வேண்டும் என்பதில்லை. சில நேரம் ஒப்பந்தம் முடிந்திருக்கும். சில நேரம் பணம் கொடுக்கும் நிறுவனம் விலகியிருக்கும். சில நேரம், நம் தம்பிக்கு நடந்த மாதிரி, கொஞ்சம் வேகமான ஒருவர் வந்து நிற்பார்.

இறங்கியவர்கள் எங்கே போகிறார்கள்? நமக்குத் தெரிந்தவரில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் கார் ஓட்டினார். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர்தான். அந்த வருடத்தோடு பந்தய இருக்கை போய்விட்டது. அடுத்த இரண்டு வருடம் வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநராக இருந்தார். அதாவது, காரை ஓட்டிப் பார்த்துக் குறை நிறை சொல்லலாம், பந்தயத்தில் ஓட முடியாது. அதன் பிறகு அவர் போன ஊர்களைக் கேளுங்கள். நாடுகளுக்கு இடையே நடந்த ஏ-1 கிராண்ட்பிரீ பந்தயத்தில் இந்திய அணிக்காக ஓடி, 2007 டிசம்பரில் சீனாவின் சுகாய் நகரில் முதலிடம். 2010-இல் அமெரிக்கா. அங்கே அவர் ஓட்டியது காரே இல்லை, பிக்-அப் டிரக்! அந்த டிரக் பந்தயத் தொடரில் அந்த வருடத்தின் மிகப் பிரபலமான ஓட்டுநர் யார் என்று ரசிகர்களிடம் வாக்கெடுத்தபோது ஜெயித்தவர் இவர்தான். 2011, 2012-இல் மறுபடியும் பார்முலா ஒன், ஒரு சின்ன அணியில். 2014 முதல் ஜப்பானில் சூப்பர் பார்முலா. கடைசியில் அதுவரை பழகிய ஒற்றை இருக்கைக் காரையே விட்டுவிட்டு, கூரை வைத்த பந்தயக் காருக்கு மாறினார். 2019 நவம்பரில் ஃபூஜி மலை அருகில் உள்ள களத்தில் ஜப்பான், ஜெர்மனி கார்கள் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42.

சென்னைக்காரர் கருண் சந்தோக் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2010, 2011-இல் பார்முலா ஒன்னில் ஓடினார். அங்கே இடம் கிடைக்காதபோது 2012-இல் பிரான்ஸ் நாட்டின் லெ மான் பந்தயத்துக்குப் போனார். அதில் ஓடிய முதல் இந்தியர் அவர். அவருடைய கார் ஆறாவது இடம் பிடித்தது.

இந்த லெ மான் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த பந்தயம் இதுதான். 1923-இல் தொடங்கியது. சனிக்கிழமை மாலை ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை மாலைவரை, முழுசாக 24 மணி நேரம். ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கும் மேல். அதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் பஸ்ஸும் லாரியும் போகும் சாதாரண ரோடு! பல வருடங்களில் ஜெயித்த கார் 5,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருக்கிறது. கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் போய்விட்டுக் கொஞ்ச தூரம் திரும்பியும் வந்த மாதிரி. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாயில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அதுவும் இதே போன்ற 24 மணி நேரப் பந்தயம்தான்.

ஒரே ஆள் 24 மணி நேரம் ஓட்ட முடியுமா? முடியாது, விதியும் விடாது. ஒரு காருக்கு மூன்று பேர். ஒருவர் மொத்தமாக 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. பார்முலா ஒன்னில் இருந்து வருகிறவருக்கு இங்கேதான் சிக்கல். அங்கே கார் அவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த சட்டை மாதிரி. இங்கே ஒரே இருக்கையில் நெட்டையும் உட்கார வேண்டும், குட்டையும் உட்கார வேண்டும். அங்கே சொந்த அணியில் இருக்கும் இன்னொரு ஓட்டுநரைத்தான் முதலில் தோற்கடிக்க வேண்டும். இங்கே அவரிடமே காரைச் சேதம் இல்லாமல் ஒப்படைத்துவிட்டு, அவர் நன்றாக ஓட்ட வேண்டுமே என்று திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை வருடம் தனியாக மார்க் வாங்கிப் பழகியவர்களுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே விடைத்தாள் கொடுத்தால் எப்படி இருக்கும்! பல பெரிய வீரர்கள் இதற்குப் பழகவே கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

இனி போலந்து நாட்டு ராபர்ட் குபிட்சாவின் கதையைச் சொல்கிறேன்.

2008-இல் கனடா நாட்டுப் பார்முலா ஒன் பந்தயத்தில் ஜெயித்தவர் குபிட்சா. உலக சாம்பியன் ஆவார் என்று பலரும் சொன்னார்கள். 2011 பிப்ரவரியில், பார்முலா ஒன் சீசன் தொடங்கும் முன், இத்தாலியில் ஒரு சின்ன ராலி பந்தயத்தில் ஆசைக்காகக் கலந்துகொண்டார். கார் சாலையோர இரும்புத் தடுப்பில் மோதியது. தடுப்பு காருக்குள்ளே புகுந்துவிட்டது. வலது கை துண்டாகப் போகும் நிலை. அறுவை சிகிச்சை, மறுபடி அறுவை சிகிச்சை, மறுபடியும். உயிரும் கையும் தப்பின. ஆனால் அந்தக் கை பழையபடி ஆகவே இல்லை.

அடுத்து அவர் எங்கே போனார் தெரியுமா? எந்த ராலியில் அடிபட்டாரோ அதே ராலிக்கு! 2013-இல் உலக ராலிப் போட்டியின் இரண்டாம் பிரிவில் சாம்பியன் ஆனார். 2019-இல், எட்டு வருடம் கழித்து, பார்முலா ஒன்னுக்கே திரும்பினார். இங்கே ஒரு வெற்றி கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. கார் மிகவும் பின்தங்கியது. வருடம் முழுவதும் அவர் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. அந்த வருடம் அவருடைய அணிக்குக் கிடைத்ததும் அந்த ஒரு புள்ளிதான். வருட முடிவில் மறுபடியும் இருக்கை போனது.

2021-இல் லெ மானுக்கு வந்தார். 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய கார் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. கடைசிச் சுற்று. ஒரே ஒரு சுற்றுதான் பாக்கி. கார் நடுவழியில் நின்றுவிட்டது! காரணம் ஏதோ ஒரு சின்ன மின்கோளாறு. அப்போது அவரோடு அணியில் இருந்த இருவரில் ஒருவர் சீனாவைச் சேர்ந்த யே யிஃபெய். நான்கு வருடம் கழித்து, 2025 ஜூன் மாதம், இதே இருவரும் இங்கிலாந்தின் பில் ஹான்சனும் சேர்ந்து மஞ்சள் நிற பெராரி கார் ஒன்றில் அதே லெ மானில் ஓடினார்கள். இந்த முறை பிரிவில் முதலிடம் இல்லை, பந்தயத்திலேயே முதலிடம். 24 மணி நேரம் ஓடியும் இரண்டாவது காருக்கும் அவர்களுக்கும் இடைவெளி 14 விநாடிதான். கடைசியில் ஓட்டி எல்லைக்கோட்டைத் தாண்டியவர் குபிட்சா. விபத்து நடந்து 14 வருடம் ஆகியிருந்தது.

இப்படி எல்லோரும் போன இடத்தில் ஜெயித்தார்கள் என்று நான் எழுதினால், தம்பி, அது பொய். உனக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

பின்லாந்தின் கிமி ராய்க்கோனன் 2007-இல் பார்முலா ஒன் உலக சாம்பியன். 2009 முடிவில் வெளியேறி ராலிக்குப் போனார். பார்முலா ஒன்னில் ஒரே களத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். ஒவ்வொரு வளைவும் மனப்பாடம் ஆகிவிடும். ராலியில் காட்டு வழி, மண் ரோடு, பனி. அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டே வருவார். கண்ணை நம்பியவர் காதை நம்பக் கற்க வேண்டும். ராய்க்கோனன் இரண்டு வருடம் ஓட்டினார். பல முறை காரைப் பள்ளத்தில் விட்டார். உலக ராலி ஒன்றில் அவர் எடுத்த மிகச் சிறந்த இடம் ஐந்தாவது. பிறகு 2012-இல் பார்முலா ஒன்னுக்குத் திரும்பி, அந்த வருடமே அபுதாபியில் முதலாவதாக வந்தார். ராலி அவருக்கு என்ன கற்றுக் கொடுத்தது என்று அவர் நீட்டி முழக்கியது கிடையாது. அதிகம் பேசாத மனிதர்.

ஸ்பெயின் நாட்டு பெர்னாண்டோ அலோன்சோவைப் பாருங்கள். இரண்டு முறை உலக சாம்பியன். 2018 முடிவில் பார்முலா ஒன்னை விட்டபோது லெ மான் பந்தயத்தில் ஏற்கெனவே ஒரு முறை ஜெயித்திருந்தார். 2019-இல் இரண்டாவது முறையும் ஜெயித்தார். ஆனால் அதே வருடம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் நடந்ததைக் கேளுங்கள். நீள்வட்டக் களம், ஒரு சுற்று 4 கிலோமீட்டர், 200 சுற்று. எல்லா வளைவும் இடது பக்கம்தான். "இடது பக்கம் மட்டும் திருப்பத் தெரிந்தால் போதுமா, எளிதாச்சே!" என்று என் பேரன் கேட்டான். அந்த வேகத்தில், மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல், முன்னால் போகும் காரின் காற்றே உங்கள் காரைத் தூக்கிச் சுவரில் அடித்துவிடும். பந்தயத்தில் 33 கார்களுக்குத்தான் இடம். முன்கூட்டியே நான்கு சுற்று ஓடிக் காட்டி, சராசரி வேகத்தை வைத்துத் தேர்வு. கடைசி இடத்துக்கு அலோன்சோவும், ஒரு சின்ன அணியைச் சேர்ந்த கைல் கைசர் என்ற இளைஞரும் போட்டி. கைசர் வேகம் மணிக்கு 0.019 மைல் அதிகம். நம் கணக்கில், ஒரு மணி நேரம் ஓடினால் 30 மீட்டர் வித்தியாசம்! இரண்டு முறை உலக சாம்பியனின் பெயர் பட்டியலில் இல்லை. உலகமே பார்த்தது.

அவர் அடுத்த ஜனவரியில் சவுதி அரேபியப் பாலைவனத்தில் டக்கார் ராலிக்குப் போனார். மணல் மேட்டில் கார் குட்டிக்கரணம் அடித்தது. முன்கண்ணாடி உடைந்த காரை ஓட்டிக்கொண்டு பந்தயத்தை முடித்தார். இடம் 13. மறுபடியும் இண்டியானாபோலிஸ் போய் 21-ஆவது வந்தார். 2021-இல் பார்முலா ஒன்னுக்கே திரும்பினார்.

அதே இண்டியானாபோலிஸில் 2022-இல் ஜெயித்தது யார்? ஸ்வீடன் நாட்டு மார்கஸ் எரிக்சன். பார்முலா ஒன்னில் 97 பந்தயம் ஓடி, ஒரு முறைகூட முதல் மூன்று இடத்துக்குள் வராதவர். 2018 முடிவில் அவர் இருக்கை பறிபோனபோது யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. (அங்கே ஜெயித்தவருக்குப் பால் கொடுப்பது வழக்கம். 1936-இல் லூயிஸ் மேயர் என்பவர் ஜெயித்துவிட்டு மோர் குடித்ததில் இருந்து வந்த பழக்கமாம். மோர் என்றதும் எனக்கு அந்தப் பந்தயத்தின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.)

பந்தயத்தை விட்டே போனவர்களும் உண்டு. 2011 டிசம்பரில் டோரோ ரோசோ என்ற அணி தன் இரண்டு ஓட்டுநர்களையும் ஒரே நேரத்தில் நீக்கியது. ஒருவர் செபாஸ்டியன் புவெமி, வயது 23. இன்னொருவர் ஜெய்மி அல்குவர்சுவாரி, வயது 21. புவெமி பின்னாளில் லெ மானில் நான்கு முறை ஜெயித்தார். மின்சாரக் கார்களின் பார்முலா ஈ பந்தயத்திலும் ஒரு வருட சாம்பியன். அல்குவர்சுவாரி இன்னும் சில பந்தயங்கள் ஓடிப் பார்த்துவிட்டு, 25 வயதில் போதும் என்று சொல்லி இசைத் துறைக்குப் போய்விட்டார். அவரைத் தோற்றவர் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இசையும் ஒரு வேலைதான், பிடித்துத்தான் போனார்.

இன்னும் ஒருவர் இருக்கிறார், இத்தாலியின் அலெக்ஸ் சனார்டி. பார்முலா ஒன்னில் பிரகாசிக்கவில்லை. அமெரிக்கா போய் 1997, 1998-இல் சாம்பியன் ஆனார். பார்முலா ஒன்னுக்குத் திரும்பினார், 1999-இல் ஒரு புள்ளிகூட இல்லை. மறுபடியும் அமெரிக்கத் தொடருக்கே போனார். 2001 செப்டம்பரில் ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் பெரிய விபத்து. இரண்டு கால்களையும் இழந்தார். இரண்டு வருடம் கழித்து அதே களத்துக்கு வந்து, கையாலேயே இயக்கும்படி மாற்றிய காரில், அன்று ஓடாமல் விட்ட 13 சுற்றுகளை ஓட்டி முடித்தார். பிறகு அப்படிப்பட்ட காரிலேயே உலக அளவிலான பந்தயங்களில் ஜெயித்தார். அப்புறம் கையால் மிதிக்கும் சைக்கிளுக்கு மாறினார். 2012 லண்டன் பாராலிம்பிக் போட்டியில் 2 தங்கம், 1 வெள்ளி. அந்த சைக்கிள் போட்டி நடந்த இடம் பிராண்ட்ஸ் ஹாட்ச். அது ஒரு கார் பந்தயக் களம்!

சரி தம்பி, இனி உன் கடிதத்தின் அடியில் உள்ள சின்ன எழுத்துக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது. அணி தேர்வு செய்யும் வேலையும் என் தலையில் விழுந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பட்டியலைப் படிப்பேன். பெயர் வந்த பிள்ளைகளிடம், "மாலை ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்வேன். பெயர் வராத பிள்ளைகளிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை. ஒரு வருடம், முன்பு இரண்டு முறை ஓடிய ஒரு பையனின் பெயரை விட்டேன். அடுத்த நாள் முதல் அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. இருபது வருடம் கழித்து ஒரு பஸ் நிலையத்தில் என்னை அடையாளம் கண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல நிலையில் இருக்கிறான், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பஸ் ஏறும்போது கேட்டான்: "சார், அன்னிக்கு ஏன் சார் என் பேரு இல்ல?"

காரணம் சாதாரணம். இன்னொரு பையன் அரை விநாடி வேகம். அதைக்கூட நான் அவனிடம் சொல்லவில்லை. 800 மீட்டருக்கு ஆளே இல்லாமல் அலைந்துகொண்டிருந்தேன், அதையும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை ஆசிரியர்களும் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பட்டியலைப் படித்து முடித்த பிறகு, பெயர் வராத பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். ஏன் வரவில்லை, அடுத்து எங்கே முயற்சி செய்யலாம் என்று சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

தம்பி, உன் பள்ளியில் 400 மீட்டருக்கும் 800 மீட்டருக்கும் எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று கேள். முதல் முறை 800 ஓடும்போது, 100 மீட்டர் ஓடிய பழக்கத்தில் ஆரம்பத்திலேயே பாய்ந்துவிடுவாய். இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி, மற்றவர்கள் எல்லாம் உன்னைத் தாண்டிப் போவார்கள். ராய்க்கோனன் காரைப் பள்ளத்தில் விட்ட மாதிரிதான். அன்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த முறை முதல் சுற்றை மெதுவாக ஓடிப் பார். ஓடி முடித்ததும் எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுது. நேரம் மோசமாக இருந்தாலும் எழுது, பெயர் போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா